‘டிஃபர்’ கடிதத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு: அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களும் வெளிமாநில மாணவரும்

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு சொல் அடிபடத் தொடங்கும்: ‘டிஃபர்’. நவம்பர் 1-க்குள் விண்ணப்பம் போட்டாயிற்று. மூன்று மாதம் காத்திருந்தாயிற்று. கடைசியில் போர்ட்டலைத் திறந்தால் சேர்த்துக்கொண்டோம் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. விண்ணப்பத்தை அடுத்த சுற்றில் மறுபடியும் பார்ப்போம், ஏப்ரல் தொடக்கத்துக்குள் பதில் வரும் என்று நாலு வரி. அதற்குக் கீழே, முதல் பருவ மதிப்பெண்ணை ஏற்றச் சொல்லி ஒரு பொத்தான்.

பெற்றோருக்கு இது பிடிபடுவதில்லை. எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1540, பள்ளி மதிப்பெண் ஏறக்குறைய முழுசு, ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடம் பத்து. அந்த மாநிலத்திலேயே வசிக்கும் உறவுக்காரப் பையன் இதைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் டிசம்பரிலேயே இடம் வாங்கிவிட்டான். கட்-ஆஃபும் ரேங்க் பட்டியலும் பார்த்துப் பொறியியல் கவுன்சலிங்கில் சீட் எடுத்த தலைமுறைக்கு, எங்கோ ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

தப்பு ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு வேறு. ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் வெளிமாநில விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது மேசையைச் சுற்றி மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், நிதி அதிகாரி, விடுதி வார்டன். பிள்ளையின் கட்டுரையைப் படிப்பவர் நாலாவது ஆள். மற்ற மூவரும் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நாலு வரிக் கடிதம் புரிந்துவிடும்.

முதலில் சொற்கள்

1. எர்லி ஆக்‌ஷன். சீக்கிரம் விண்ணப்பித்து சீக்கிரம் பதில் வாங்கும் முறை. கடைசித் தேதி பெரும்பாலும் அக்டோபர் 15 அல்லது நவம்பர் 1. பதில் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் வரும். இடம் கிடைத்தாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மே 1 வரை யோசிக்கலாம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் அதிகம் புழங்குவது இதுதான்.

2. எர்லி டிசிஷன். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் முறை. ஒரே ஓர் இடத்துக்குத்தான் இப்படிப் போட முடியும். இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற்றுவிட வேண்டும். நிதியுதவி போதவில்லை என்றால் விலக வழி உண்டு.

3. ரோலிங். கெடுவுக்காகக் காத்திராமல், வர வரப் படித்து வர வரப் பதில் சொல்வது. பிட்ஸ்பர்க், அலபாமா போன்ற இடங்களில் செப்டம்பர், அக்டோபரிலேயே பதில் வந்துவிடும்.

4. டிஃபர். எர்லி சுற்றில் முடிவெடுக்காமல், அதற்குப்பின் வழக்கமான கெடுவில் வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் பொதுச் சுற்றுக்குத் தள்ளிவைப்பது. வெயிட்லிஸ்ட் வேறு. பொதுச் சுற்றும் முடிந்தபிறகு, யாராவது வராமல் போனால் கூப்பிடுகிறோம் என்று வைத்திருக்கும் வரிசைதான் வெயிட்லிஸ்ட். டிஃபர் ஆனவருக்கு இன்னும் ஒரு முழுப் பரிசீலனை பாக்கி இருக்கிறது. வெயிட்லிஸ்டில் நிற்பவருக்கு அதுவும் முடிந்துவிட்டது.

5. யீல்டு. இடம் கொடுத்த நூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்கிறார்கள் என்ற விகிதம். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே சொல் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

யார் வெளிமாநிலம்?

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மத்திய அரசுடையது என்று பொருள் இல்லை. அது அந்தந்த மாநிலத்துச் சொத்து. 1862-ல் வந்த மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற காசில் கல்லூரி கட்டச் சொன்னது. அதற்குப்பின் மாநிலத்து வரிப்பணத்தில்தான் இவை வளர்ந்தன. அதனால் ‘எங்கள் வரியில் நடக்கும் கல்லூரியில் எங்கள் பிள்ளைக்கு முதலிடம்’ என்று வாக்காளர் கேட்பதும், அதைச் சட்டமன்ற உறுப்பினர் பல்கலைக்கழகத் தலைவரிடம் போய்க் கேட்பதும் அங்கே சகஜம்.

வெளியாருக்குக் கட்டணத்தை உயர்த்தி வைப்பதும், உள்ளூர்க்காரராக ஏற்பதற்கு ஓராண்டு குடியிருக்கச் சொல்வதும் சட்டப்படி செல்லும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. விண்ணப்பித்தபோது வெளியூரில் இருந்தவர் படித்து முடிக்கும் வரைக்கும் வெளியூர்க்காரர்தான் என்று கனெக்டிகட் மாநிலம் வைத்திருந்த விதியை 1973-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குடியிருப்பை நிரூபிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் குழம்பும் இடம் விசா. எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்களைப் பல மாநிலங்கள் கட்டண விஷயத்தில் உள்ளூர்க் குடியிருப்பாளராக ஏற்கின்றன. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரைப் பொதுவாக ஏற்பதில்லை. எச்-4-ல் இருக்கும் பிள்ளை 21 வயதில் அந்த விசாவை இழந்து எஃப்-1-க்கு மாறும்போது, கல்லூரி நடுவிலேயே உள்ளூர்க் கட்டணம் கைவிட்டுப் போகும் ஆபத்து இதனால்தான் வருகிறது. சென்னையிலிருந்து நேராக விண்ணப்பிக்கும் மாணவரும் கட்டணக் கணக்கில் வெளிமாநிலத்தவரே. சேர்க்கைக் கணக்கில் அவரைச் சில இடங்கள் தனி வரிசையில் வைக்கின்றன, சில இடங்கள் அதே வரிசையில் நிறுத்துகின்றன.

சட்டமன்ற உறுப்பினர் கேட்பது: எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை?

வெளியாருக்கு எவ்வளவு இடம் என்பதில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக வேலி போட்டிருக்கிறது. சில வேலி முள்கம்பி, சில வெறும் கயிறு.

வட கரோலினாவுடையது முள்கம்பி. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்பவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1986-லேயே விதி வந்துவிட்டது. தொடர்ந்து இரண்டு ஆண்டு மீறினால் மாநிலம் தரும் நிதியில் வெட்டு விழும். அங்கே வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களில் இடம் கிடைப்பது 10 சதவீதத்துக்கும் கீழ். மாநிலத்துக்குள் இருப்பவர்களின் நிலைமை அதைப்போலப் பல மடங்கு மேல்.

டெக்சஸ் கதை இன்னும் சிக்கல். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 1996-ல் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு மாற்றாக, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் என்று 1997-ல் சட்டம் போட்டார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அந்தக் கூட்டமே வகுப்பை நிரப்பத் தொடங்கியதால், 2009-ல் சட்டத்தைத் திருத்தி, டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம் வரைதான் தானியங்கிச் சேர்க்கை என்று வரம்பு கட்டினார்கள். அதனால் ஆஸ்டினுக்கு மட்டும் அந்த 10 சதவீதம் சுருங்கிச் சுருங்கி 6 ஆனது. 2026 இலையுதிர்காலத்தில் சேர்பவர்களுக்கு 5. மொத்த முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரர்களுக்கு. மீதி 10 சதவீதத்தில்தான் மற்ற 49 மாநிலங்களும் மீதி உலகமும் முண்டியடிக்க வேண்டும்.

விஸ்கான்சின் வேலியை மாற்றிப் போட்டது. மேடிசன் வளாகத்தில் வெளியாருக்கு இருந்த 27.5 சதவீத உச்சவரம்பை 2015-ல் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் விஸ்கான்சின் பிள்ளைகள் குறைந்தது 3,600 பேரையாவது சேர்ப்போம் என்று வாக்குக் கொடுத்தது. அதாவது மேல் வரம்பு போய் அடி வரம்பு வந்தது. மொத்த வகுப்பு பெருக்கப் பெருக்க வெளியாருக்கும் இடம் பெருகும். புளோரிடா, மாநிலம் முழுவதற்குமாகச் சேர்த்து 10 சதவீதம் என்று வைத்திருந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் மூன்றில் இரண்டு பங்கு வர்ஜீனியர் என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியாருக்கு 18 சதவீத வரம்பு வந்தது. அப்போதே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, இர்வைன் வளாகங்களுக்கு, இருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று விலக்குக் கொடுத்தார்கள். பிறகு 2021-ல், வெளியாரைக் குறைப்பதால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றுக்கும் வரும் கட்டண இழப்பை ஈடுகட்டப் பணம் தருகிறோம் என்று மாநில அரசே பட்ஜெட்டில் ஒதுக்கியது. வெளியாரைக் குறைக்க அரசு காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பெரிய வரும்படி என்று யோசித்துப் பாருங்கள். போகட்டும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எர்லி சுற்று என்பதே கிடையாது. எல்லாருக்கும் ஒரே கெடு, மார்ச்சில் பதில்.

மிச்சிகனில் இப்படிச் சட்டப்பூர்வ வரம்பு எதுவும் இல்லை. ஆன் ஆர்பர் வளாகத்தில் ஏறக்குறையப் பாதி இளங்கலை மாணவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அலபாமா இன்னொரு கோடி. அது வெளிமாநில மாணவரைத் தேடிப் போய், மதிப்பெண் அட்டவணைப்படி உதவித்தொகை கொடுத்து இழுத்து வந்தது. இன்று அங்கே வெளியூர்க்காரர்களே பெரும்பான்மை.

நிதி அதிகாரி கேட்பது: யார் முழுக் கட்டணம் கட்டுவார்?

இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 9,992 டாலர், வெளிமாநில மாணவருக்கு 28,794. 2013 முதல் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது, அதனால்தான் இவ்வளவு குறைவு. மிச்சிகனில் வெளிமாநில மாணவரின் டியூஷன் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. உள்ளூர்க்காரர் கட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கலிபோர்னியாவில் 2025-ல் புதிதாகச் சேர்ந்த வெளியாருக்கு, வழக்கமான கட்டணத்துக்கு மேல் 37,602 டாலர் கூடுதல்.

2008 பொருளாதாரச் சரிவுக்குப்பின் மாநிலங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் மானியத்தை வெட்டின. அந்தப் பள்ளத்தை நிரப்பியது வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம். சட்டமன்ற உறுப்பினர் வெளியாரைக் குறை என்கிறார். அவர் வெட்டிய பணத்துக்காகவே நிதி அதிகாரி வெளியாரைக் கூட்டு என்கிறார். இந்த இழுபறி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அந்த ஆண்டின் வெளிமாநில இடங்களின் எண்ணிக்கை.

நிதியுதவியிலும் இதே பேதம்தான். மிச்சிகனின் ‘கோ புளூ’ இலவசக் கல்வி உறுதிமொழி மிச்சிகன் குடும்பங்களுக்கு மட்டும். வர்ஜீனியாவும் சாப்பல் ஹில்லும் அரிதான விதிவிலக்குகள்: குடும்பத்தின் தேவை என்று கணக்கிட்டதை வெளிமாநில மாணவருக்கும் முழுமையாக ஈடுகட்டுகின்றன. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகைப் படிவமே கிடையாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை என்றால், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் அது விண்ணப்பிக்கலாம்.

விடுதி வார்டன் கேட்பது: சரியாக எத்தனை பேர் வருவார்கள்?

டிஃபர் பிறக்கும் இடம் இதுதான். எண் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். கீழே வருவது எந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மைக் கணக்கும் இல்லை, விளங்குவதற்காக நாம் போட்டுக்கொள்ளும் கணக்கு.

1. முதலாண்டில் 7,000 இடம். பாதி உள்ளூர், பாதி வெளியூர், பக்கத்துக்கு 3,500.

2. உள்ளூர் மாணவருக்கு இது பக்கத்து ஊர்க் கல்லூரி, கட்டணமும் குறைவு. இடம் கொடுத்த நூறு பேரில் 45 பேர் வருகிறார்கள். 3,500 பேர் சேர, ஏறக்குறைய 7,800 பேருக்கு இடம் கொடுத்தால் போதும்.

3. வெளியூர் மாணவர் கையில் பதினைந்து விண்ணப்பம் இருக்கிறது. தன் மாநிலப் பல்கலைக்கழகம் மலிவாகக் கிடைக்கும், தனியார் பல்கலைக்கழகமும் கிடைக்கலாம். நூறில் 25 பேர்தான் வருகிறார்கள். 3,500 பேர் சேர 14,000 பேருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

4. இப்போது யீல்டு 25-லிருந்து 28 ஆகிவிட்டது என்று வையுங்கள். 3,920 பேர் வந்து நிற்பார்கள். 420 பேருக்கு விடுதியில் கட்டில் இல்லை. இருவர் அறையில் மூன்று கட்டில் போட வேண்டும், படிக்கும் கூடத்துக்குத் தடுப்பு வைத்து அறையாக்க வேண்டும்.

5. மாறாக 22-க்கு இறங்கினால் 3,080 பேர்தான். 420 பேர் குறைவு. ஆளுக்கு 60,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 2 கோடியே 52 லட்சம் டாலர் துண்டு விழும், அதுவும் நாலு ஆண்டுக்குத் தொடரும்.

மூன்று சதவீதப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் இந்தப் பாடு. உள்ளூர் யீல்டு பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு அசையாது. ஆடுவது வெளியூர்ப் பக்கம்தான். ஜனவரியில் உட்கார்ந்து 14,000 கடிதத்தையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டால், கணக்குத் தப்பும்போது திருத்த வழி இல்லை. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் ஜனவரியில் ஒரு பகுதிதான் அனுப்புவார்கள். நிச்சயம் வேண்டும் என்பவர்களுக்கு ‘ஆம்’, நிச்சயம் இல்லை என்பவர்களுக்கு ‘இல்லை’, நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்துக்கு டிஃபர். மார்ச்சுக்குள் பொதுச் சுற்று விண்ணப்பங்களும் வந்துவிடும், முதலில் இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் விடுதி முன்பணம் கட்டினார்கள் என்பதும் தெரிந்துவிடும். அப்போது தேவையான அளவு குழாயைத் திறக்கலாம்.

அதாவது டிஃபர் ஆன கூட்டம் பல்கலைக்கழகத்துக்குச் சேமிப்புத் தொட்டி. தண்ணீர் கெட்டது என்று யாரும் தொட்டியில் வைப்பதில்லை. அதே சமயம், தொட்டியில் இருப்பதெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டிருந்தால் இதே கணக்கு இன்னும் குறுகலான குழாயில் ஓடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக ஒரு சேர்க்கை விகிதம், அந்தத் துறைக்கு வேறு விகிதம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்திலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாக இடம் கிடைப்பது 2, 3 சதவீத அளவில்தான். பல்கலைக்கழகத்தின் பொது விகிதத்தைப் பார்த்து ‘இது சேஃப்டி’, அதாவது எப்படியும் கிடைத்துவிடும் என்று பட்டியலில் எழுதும் வீடுகள் ஏமாறுவது இங்கேதான்.

‘எர்லி’ என்ற பெயரில் ஒரு வாசல்

‘எர்லி’ என்றதும் அது ஆர்வமுள்ளவர்களுக்கான சலுகை, நிதானமாகப் போடுபவர்களுக்குப் பொதுச் சுற்று இருக்கிறது என்று நினைப்போம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் நிலைமை தலைகீழ். மேரிலாந்து தன் இடங்களில் மிகப் பெரும்பகுதியை நவம்பர் 1 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. வெளிமாநில மாணவருக்கு எர்லிதான் தலைவாசல்; பொதுச் சுற்று கொல்லைப்புறக் கதவு. எர்லியில் போட்டதால் கூடுதல் மதிப்பு ஏதும் கிடைக்காது, போடாவிட்டால் நஷ்டம் உண்டு.

அந்தத் தலைவாசலிலும் உள்ளூருக்கும் வெளியூருக்கும் வேறு வேறு மணி அடிக்கிறது. ஜார்ஜியா டெக்கில் எர்லி ஆக்‌ஷன் ஒன்று, இரண்டு என இரு பிரிவு. முதலாவது ஜார்ஜியா மாணவர்களுக்கு மட்டும். அக்டோபர் நடுவில் கெடு, டிசம்பரில் பதில். இரண்டாவது மற்றவர்களுக்கு; நவம்பர் தொடக்கத்தில் கெடு, ஜனவரி கடைசியில் பதில். உள்ளூர்க்காரர்களுக்கு இடம் கொடுத்து முடித்தபிறகுதான் மீதி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அங்கே ஜார்ஜியா விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடம், வெளியிலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் இன்னும் வெளிப்படை: எர்லி ஆக்‌ஷனே புளோரிடாக்காரர்களுக்கு மட்டும்தான்.

ஆஸ்டின் 2024-ல் முதல்முறையாக எர்லி ஆக்‌ஷனைக் கொண்டுவந்தது. அக்டோபர் 15-க்குள் போட்டால் ஜனவரி 15-ல் பதில் என்றார்கள். மொத்த விண்ணப்பம் 90,000-ஐத் தாண்டியது. வெளிமாநில விண்ணப்பங்கள்தான் மிக வேகமாகக் கூடியிருந்தன. ஜனவரி 15 வந்தபோது பலருக்கு முடிவு வரவில்லை, பிப்ரவரி 15 வரை பொறுங்கள் என்ற செய்திதான் வந்தது. வாசலைச் சீக்கிரம் திறந்தால் கூட்டமும் சேர்ந்து பெருகும். விண்ணப்பம் போடுவது, பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பத்தில் இன்னொரு பெட்டியை டிக் செய்வது போல எளிதாகிவிட்ட காலத்தில், வரும் விண்ணப்பத்தில் எது உண்மையான விருப்பம் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவதில்லை. யீல்டைக் கணிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்லி டிசிஷன் திரும்பி வருகிறது

இந்த நிச்சயமின்மைக்கு ஒரு மருந்து உண்டு: கட்டாய ஒப்பந்தம். எர்லி டிசிஷனில் இடம் கொடுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு பேரும் வந்துவிடுவார்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் இதை வேண்டாம் என்று ஒதுக்கிய காலமும் இருந்தது. பல இடங்களின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் கையெழுத்துப் போடுவது வசதியுள்ள குடும்பங்களுக்குத்தான் முடியும். ஏழைப் பிள்ளைக்கு இது பூட்டிய கதவு. அந்த வாதத்தின் அடிப்படையில் சாப்பல் ஹில் 2002-ல் எர்லி டிசிஷனைக் கைவிட்டது. வர்ஜீனியா 2006-ல் கைவிட்டது. அதே மாதம் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் தங்கள் எர்லி சுற்றை நிறுத்துவதாக அறிவித்திருந்தன. ஆனால் வர்ஜீனியாவால் நீண்டநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷனைச் சில ஆண்டுகளில் கொண்டுவந்தது. 2019-ல் எர்லி டிசிஷனே திரும்பிவிட்டது. வர்ஜீனியா டெக், வில்லியம் அண்ட் மேரி இரண்டிலும் அது உண்டு. 2025-ல் மிச்சிகனும் எர்லி டிசிஷனை அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் குவியும் ஒரு பல்கலைக்கழகம் இப்படி இறங்குவது சாதாரண மாற்றம் இல்லை.

இதனால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்? மேலே போட்ட கணக்கையே எடுங்கள். 3,500 வெளியூர் இடத்தில் 1,000 இடம் எர்லி டிசிஷனில் நிரம்பிவிட்டது. மீதி 2,500-ஐ நிரப்ப, அதே 25 சதவீத யீல்டில் 10,000 பேருக்கு இடம் கொடுத்தால் போதும். முன்பு 14,000 கடிதம் போன கூட்டத்துக்கு இப்போது 10,000 கடிதம். நிஜத்தில், கட்டாயம் வருகிறவர்கள் முன்னாலேயே போய்விடுவதால் மீதிக் கூட்டத்தின் யீல்டு கொஞ்சம் இறங்கும், கடித எண்ணிக்கை சற்றுக் கூடும். ஆனாலும் போக்கு இதுதான். கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷனில் நிற்கும் பிள்ளைக்கு, தன் தகுதியில் எந்த மாற்றமும் இல்லாமலே கதவு குறுகுகிறது. டிஃபர் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது.

அதற்காக வெளிமாநில மாணவர் உடனே எர்லி டிசிஷனுக்கு ஓடலாமா? ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகக்கூடிய மொத்தச் செலவுக்கு, வேறு எந்த இடத்தின் விலையும் தெரியாமல், அக்டோபரிலேயே சரி என்று எழுதிக் கொடுப்பது அது. சொந்த மாநிலத்தில் நல்ல பல்கலைக்கழகம் இருக்கும் குடும்பம், முக்கியமாக எச்-4 பிள்ளை உள்ள குடும்பம், இந்தக் கையெழுத்தைப் போடுமுன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். பணம் ஒரு பொருட்டில்லை என்று மனசாரச் சொல்ல முடிகிற வீட்டுக்குத்தான் வெளிமாநில எர்லி டிசிஷன் பொருந்தும் என்பது என் கணிப்பு.

டிஃபர் வந்தபின்

1. கடிதத்தை முழுதாகப் படிக்க வேண்டும். சில இடங்கள் ‘தொடர்ந்து பரிசீலியுங்கள்’ என்று போர்ட்டலில் ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். நிரப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

2. அதிகம் எடைபோடுவது முதல் பருவ மதிப்பெண். கடினமான பாடங்களில் அது இறங்காமல் இருந்தால் அதுவே பெரிய பதில். பள்ளி ஆலோசகர் அனுப்பிவிட்டாரா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

3. விருப்பக் கடிதம் எழுதுவது எல்லா இடத்திலும் பலன் தராது. அதைப் பார்ப்பார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை வெளியிடும். அதில் சி7 என்ற அட்டவணையில் ‘விண்ணப்பதாரரின் ஆர்வம்’ என்ற வரிக்கு எதிரே என்ன குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘கருத்தில் கொள்வதில்லை’ என்று இருந்தால் பல்கலைக்கழகத்தின் மீதான காதலை விவரிக்கும் மூன்று பக்கக் கடிதத்தை யாரும் படிக்கப் போவதில்லை. புதிய தகவல் ஏதாவது இருந்தால், ஒரு விருது, ஓர் ஆய்வு, ஒரு புதிய மதிப்பெண், அதை மட்டும் ஐந்து வரியில், அதுவும் அவர்கள் ஏற்பதாகச் சொல்லியிருந்தால் அனுப்பலாம். அனுப்பாதே என்று எழுதியிருந்தால் அனுப்பக்கூடாது. சொன்னதைக் கேட்காத விண்ணப்பதாரர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

4. அதே ஆவணத்தில் சி2-ல் வெயிட்லிஸ்ட் எண்ணிக்கை இருக்கும்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டார்கள். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த எண் ஓர் ஆண்டு ஆயிரத்தைத் தொடும், மறு ஆண்டு கைவிரல் எண்ணிக்கைக்கு இறங்கும். மேலே சொன்ன யீல்டு ஆட்டம் தப்பிய ஆண்டு எது, சரியாக விழுந்த ஆண்டு எது என்பதை அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

5. பொதுச் சுற்றுப் பதில் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வரும். மே 1-க்குள் ஏதாவது ஓர் இடத்தில் முன்பணம் கட்டியாக வேண்டும். நடுவில் இருப்பது நாலு வாரம். டிஃபர் செய்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஏற்கெனவே இடம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் விடுதிப் படிவத்தை இப்போதே நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் விடுதி அறை முதலில் பதிந்தவருக்கு முதலில். அந்த முன்பணத்தில் திருப்பித் தரும் தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.